வர நினைத்தும் வராதவரைத் தேடி: ஒரு நாட்டின் சுற்றுலா அமைப்பு எப்படி வேலை செய்கிறது?

நண்பர்களே, இந்த முறை கோடிங் இல்லை, சர்க்யூட்டும் இல்லை. ஆனால் புள்ளியியல் பேப்பரில் படித்த சாம்பிளிங் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் நல்லது. ‘எங்க ஊருக்கு வாங்க’ என்று ஒரு நாடு உலகத்தைக் கூப்பிடுகிறதே, அதற்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கப் போகிறோம். எடுத்துக்காட்டுக்கு நியூசிலாந்து.

ஏன் நியூசிலாந்து? 1901-லேயே சுற்றுலாவுக்கென்று தனி அரசுத் துறை தொடங்கிய நாடு அது. உலகத்திலேயே அதுதான் முதல் என்று சொல்வார்கள். வெளிநாட்டுப் பயணிகளை அழைக்கும் வேலையை இன்று செய்வது ‘டூரிசம் நியூசிலாந்து’ என்ற அரசு அமைப்பு. ஹோட்டல், பஸ், விமானம் எல்லாம் மற்றவர்களுடையது. அந்த மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இது ஆள் பிடித்துத் தர வேண்டும். கையில் இருப்பது கொஞ்சம் விளம்பரப் பணமும் நிறைய டேட்டாவும்தான்.

முதல் கேள்வி, யாரைக் கூப்பிடுவது? ‘எல்லாரையும்’னு சொன்னால் பணம் ஒரே வாரத்தில் காலி. இந்த அமைப்பு ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை மட்டும் தேடுகிறது. அவர்களுக்கு ‘ஆக்டிவ் கன்சிடரர்ஸ்’ என்று பெயர். நியூசிலாந்து ரொம்பப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த சில வருடங்களில் போகலாம் என்ற எண்ணம் இருக்க வேண்டும். போக விரும்பும் நாடுகளின் பட்டியலில் அது மேலே இருக்க வேண்டும். அங்கே செலவு செய்யும் மனமும் இருக்க வேண்டும். எல்லா ஃபில்டரையும் தாண்டியவர்தான் கணக்கில் வருவார். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்: 1000 பேரிடம் கேட்கிறீர்கள். 700 பேர் ‘அழகான நாடு’ என்கிறார்கள். ‘போகலாம்னு இருக்கேன்’ என்பவர்கள் 200. பணம் உள்பட எல்லாவற்றையும் வடிகட்டினால் 90. இந்த 90 பேர்தான் இலக்கு. மீதி 610 பேரும் ரசிகர்கள், அவ்வளவுதான்!

அடுத்தது இன்சைட், அதாவது டேட்டாவிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வேலை. எனக்குப் பிடித்த பகுதி இது. நியூசிலாந்தில் பயணிகளின் செலவைப் பற்றி ஒரு சர்வே நடக்கிறது. ஊர் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களிடம் எங்கே தங்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று கேட்கிறார்கள். நல்ல டேட்டாதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? வர நினைத்து வராமல் போனவர் அந்த விமான நிலையத்தில் நிற்கவே மாட்டார். இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை மட்டும் எண்ணிய கதைதான் இங்கேயும். அதனால் அவரவர் நாட்டிலேயே போய், இன்னும் கிளம்பாதவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் தயங்கும் காரணங்களைப் பார்த்தால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மாதத்தில் குளிருமா? மலையைப் பார்த்த பிறகு அங்கே என்னதான் செய்வது? இப்படிப்பட்டவைதான். பதில் தெரியாதவர் டிக்கெட் போட மாட்டார். ஆகவே அழகான ஏரி வீடியோ பத்தாவது முறையாக எடுப்பதைவிட, ‘இங்கிருந்து அங்கே மூணு மணி நேரம்’ என்று ஒரு மேப் போடுவது சில சமயம் அதிகம் உதவும். விளம்பரக்காரர்களுக்கு இது பிடிக்காது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, சொல்லும் விதம். 1999-இல் ‘100% ப்யூர் நியூசிலாந்து’ என்ற வாசகத்தோடு தொடங்கிய பிரசாரம் ரொம்ப காலம் ஓடியது. பல உலக வரைபடங்களில் நியூசிலாந்தே விடுபட்டுப் போவதைக் கிண்டல் செய்து 2018-இல் ஒரு வீடியோ வந்தது. அதில் நடிகர் ரைஸ் டார்பியோடு அப்போதைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்னும் நடித்தார். தன்னையே கேலி செய்துகொள்ளும் தைரியம் எல்லா அரசுக்கும் வராது.

ஆனால் ‘100%’ என்பது ஒரு அளவு. அளவு சொன்னால் அளந்து பார்க்க ஆள் வருவார்கள். 2011-இல் பிபிசியின் ஹார்ட்டாக் நிகழ்ச்சியில் பிரதமர் ஜான் கீயை இந்த இடத்தில்தான் பிடித்தார்கள். உங்கள் ஆறுகள் மாசுபட்டிருப்பதாக உங்கள் நாட்டு விஞ்ஞானி மைக் ஜாய் சொல்கிறாரே, வாசகம் என்ன ஆனது என்று கேட்டார்கள். வேறு விஞ்ஞானியைக் கேட்டால் வேறு கருத்து சொல்வார் என்கிற மாதிரி அவர் சமாளித்தார். பண்ணைகளிலிருந்து ஆற்றில் கலப்பதைச் சுற்றுலா அமைப்பால் நிறுத்த முடியாது. ஆனால் அதன் வாசகம்தான் அடி வாங்கியது. வாக்குறுதி கொடுப்பது ஒருவர், காப்பாற்ற வேண்டியது இன்னொருவர். இந்த வேலையின் நிஜமான சிக்கல் இதுதான்.

விளம்பரம் ஜெயித்தாலும் தலைவலி உண்டு. 2019 வாக்கில் ஆண்டுக்கு 39 லட்சம் பேர் அளவுக்கு வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே 50 லட்சத்தைத்தான் ஒட்டியிருந்தது. வனாகா பக்கம் ராய்ஸ் பீக் என்ற மலைமுகட்டில், ஒரே போஸில் கையை விரித்து போட்டோ எடுக்கக் கூட்டம் வரிசையில் நின்றது. எல்லை மூடியிருந்த 2021 ஜனவரியில், உள்ளூர்ப் பயணிகளுக்காக இதே அமைப்பு ஒரு நகைச்சுவை வீடியோ விட்டது. எல்லாரும் எடுக்கிற அதே படத்தை எடுக்காதீங்க, புதுசா ஏதாவது பாருங்க என்பதுதான் அதன் சாரம். ஆள் கூப்பிடுகிற அமைப்பே ‘அங்கே மட்டும் குவியாதீங்க’ என்று சொல்ல வேண்டி வந்தது!

எதை அதிகப்படுத்துவது என்ற கேள்வி அங்கே எழுகிறது. நம்ம பாஷையில் சொன்னால் ஆப்ஜெக்டிவ் ஃபங்ஷன். தலை எண்ணிக்கை மட்டும் என்றால் மூன்று நாள் தங்குபவரும் இருபது நாள் தங்குபவரும் ஒன்றே. செலவு, தங்கும் நாள், போகிற ஊர், வருகிற மாதம் எல்லாவற்றையும் சேர்த்தால் விடை மாறிவிடும். பல வெளிநாட்டுப் பயணிகளிடம் 2019 முதல் 35 நியூசிலாந்து டாலர் தனிக்கட்டணம் வாங்கினார்கள். 2024 அக்டோபரில் அதை 100 ஆக்கினார்கள். அதைப் பார்த்தே எத்தனை பேர் பின்வாங்குவார்கள் என்பதும் இந்த இன்சைட் ஆட்கள் பார்க்க வேண்டிய கணக்குதான்.

மாதம் என்றதும் நாமும் கணக்குக்குள் வந்துவிடுகிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவர்களுக்குக் கோடை, கூட்டம் தாங்காது. ஏப்ரல், மே அவர்களுக்கு இலையுதிர் காலம், அறைகள் காலியாகக் கிடக்கும். இங்கே நமக்கு வெயில் கொளுத்தும், பள்ளி லீவு, குடும்பத்தோடு குளிர்ந்த ஊர் தேடுவோம். இந்தியாவில் அவர்கள் விளம்பரம் பார்த்தால், அதில் மஞ்சள், சிவப்பு இலைகள் இருக்கிறதா என்று கவனியுங்கள்.