கை கொடுக்கவும் கையை எடுக்கவும்

அன்பு மகளுக்கு,

உன் தம்பிக்கு அடுத்த மாதம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காலில் ஆபரேஷன் என்று உன் அம்மா போனில் சொன்னாள். அவள் விடியுமுன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கக் கிளம்பிவிடுகிறவள். பகல் முழுக்க அவனோடு இருக்கப்போவது நீதான். என் உத்தியோகக் காலம் எல்லாம் பிசியோதெரபி அறையில் அவனைப் போன்ற மூளை முடக்குவாதப் பிள்ளைகளோடு கழிந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த ஆபரேஷன் எதற்கு என்று முதலில் தெரிந்துகொள். 14, 15 வயதில் எலும்பு கிடுகிடுவென்று வளரும். இறுகிப்போன தசை அந்த வேகத்துக்கு நீளாது. சின்ன வயதில் ஓரளவு நிமிர்ந்து நடந்தவன் இப்போது முட்டி மடங்கி நடப்பது அதனால்தான். தொடையின் பின்பக்கத் தசையையும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணையும் டாக்டர் நீளமாக்குவார். கத்தியின் வேலை அத்தோடு முடிந்தது. நடை திரும்பி வருவது அதற்குப் பிந்தைய பயிற்சியில்; அதற்கு ஒரு வருஷம்கூட ஆகும். கட்டுப் பிரித்த புதிதில் தசை பலமிழந்திருக்கும், முன்பைவிட மோசமாக நடப்பான். “இருந்ததையும் கெடுத்துக்கிட்டீங்களே” என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். அதைக் கேட்டு அம்மா உடைந்துவிடாதபடி இப்போதே அவளிடம் விவரமாகச் சொல்லி வை.

அதைவிட முக்கியம், அவனிடம் சொல்வது. பேச்சு தெளிவாக வராததால் எதுவும் புரியாது என்று நினைத்துவிடாதே. ஒரு தாளில் காலை வரைந்து, கட்டு எங்கிருந்து எதுவரை வரும், எத்தனை வாரம் இருக்கும் என்று காட்டு. வலிக்குமா என்று கேட்டால், “வலிக்கும், மருந்து தருவாங்க” என்று உண்மையைச் சொல். டாக்டர் உன்னிடம் பேசினால், “தம்பிகிட்டயும் சொல்லுங்க சார்” என்று கேள். ஏன் இப்படிக் கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? 2012-இல் ஜீஜா கோஷ் என்ற பெண்மணி கொல்கத்தாவிலிருந்து கோவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குக் கிளம்பினார். அவருக்கும் மூளை முடக்குவாதம்தான். பயணம் செய்ய அவரால் முடியாது என்று மற்றவர்களே தீர்மானித்து விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவருடைய உடம்பைப் பற்றி அவரிடமே கேட்காமல் முடிவெடுத்தார்கள். நம் வீட்டில் அது நடக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போ. வலி வந்தால் அவன் என்ன செய்வான்? பல்லை நறநறவென்று கடிப்பானா, சாப்பாட்டைத் தள்ளுவானா, சத்தமே இல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வானா? இது உனக்குத் தெரியும், புதிதாக டியூட்டிக்கு வரும் நர்சுக்குத் தெரியாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன் ஆதலால், ஆபரேஷன் அன்று காலையில் அதை எப்படிக் கொடுப்பது என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள். வெறும் வயிறு என்பதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எண்ணூர்ப் பக்கத்துப் புகையிலும் லாரித் தூசியிலும் வளர்ந்த பிள்ளை. இருமல், வீசிங் இருந்தால் மறைக்காமல் சொல். தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. தண்ணீர், வலி, பாத்ரூம், வேண்டாம் என்று நாலு படம் ஒட்டிய அட்டை ஒன்றும் தலைமாட்டில் இருக்கட்டும். நாலிலும் “வேண்டாம்” என்பதுதான் அவனுக்கு அதிகம் தேவைப்படும்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பாசத்தில் செய்யும் ஒரு காரியம் உண்டு: முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. அவனுக்கும் அது சுகமாக இருக்கும். ஆனால் நீட்டிய தசை அப்படியே மடங்கி மறுபடி இறுகிவிடும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, துண்டைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்கு அடியில் வை. முட்டி நீண்டிருக்கும், குதிகால் படுக்கையில் படாமல் புண்ணும் வராது. கால்விரல்களை அடிக்கடி தொட்டுப் பார். நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடு. ராத்திரியில் கால் வெட்டி வெட்டி இழுக்கும். அது தசைப்பிடிப்பு, அதற்குத் தரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

பாத்ரூமுக்குத் தூக்கிப் போகக் கேட்க வெட்கப்பட்டு இந்த வயதுப் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மலச்சிக்கல் வந்து அவதிப்படுவார்கள். மீசை முளைக்கிற பிள்ளை அவன். ஒரு திரை கட்டு. சித்தப்பாவையோ மாமாவையோ உதவிக்கு வரச் சொல். தொடுவதற்கு முன் அவனிடம் கேள். முகமும் நெஞ்சும் அவனே துடைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கட்டுப்போட்ட சில வாரங்களில் வீடே அவனுக்குக் கையும் காலும் ஆகிவிடும். கட்டுப் பிரித்த பிறகும் அது நிற்காது. ஊட்டுவதும் சட்டை மாட்டுவதும் பழக்கமாகிவிடும். ஆபரேஷனால் கிடைத்த நிமிர்வு அங்கேதான் வீணாகிறது. ஒவ்வொரு உதவியையும் தொடங்கும்போதே, அதை எப்போது குறைப்பது என்றும் சேர்த்து யோசி. பித்தான் போட அவனுக்குப் பத்து நிமிஷம் ஆகிறதா, பத்து நிமிஷம் முன்னதாக எழுப்பு. வீட்டுக்கு வெளியிலும் இதே கணக்குதான். 2021-இலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, நிலையங்களில் லிஃப்டும் இருக்கிறது. தேரடி நிலையத்தில் ஏறி, முதலில் அவன் பக்கத்திலேயே உட்கார். பிறகு அதே பெட்டியில் தள்ளி உட்கார். அப்புறம் தண்டையார்பேட்டையில் இறங்குகிறவனை வாசலில் நின்று எதிர்கொள். டிக்கெட்டை அவனே எடுக்கட்டும். தப்பான நிலையத்தில் இறங்கினால் யாரிடம் எதைக் காட்டுவது என்றும் சொல்லிக் கொடு.

பதினெட்டு ஆனதும் சட்டப்படி அவன் பெரியவன். தேவைப்பட்டால் 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் காப்பாளர் நியமனம் கேட்கலாம். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அவனோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புள்ள காப்பாளரைப் பற்றிப் பேசுகிறது. யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டுக் காப்பாளர் மனுவில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அவனைப் பார்த்துக்கொள்ள நீ வேலையை விட்டுவிடப் போவதாக அம்மா சொன்னாள். லீவு போடு, விடாதே. அக்கா இல்லாமல் ஒரு பொழுது ஓட்ட அவன் பழக வேண்டும். தம்பி இல்லாத ஒரு வாழ்க்கை உனக்கும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து இருக்கிறேன்.

இந்த வாரமே அவனை உட்கார வைத்து, நடக்க ஆரம்பித்ததும் முதலில் எங்கே போக ஆசை என்று கேள். கடற்கரையோ, ஸ்கூல் நண்பன் வீடோ, எதைச் சொன்னாலும் அந்த வழியில் எத்தனை படி, எவ்வளவு தூரம் என்று பார்த்து, பிசியோதெரபிஸ்டிடம் அதையே இலக்காகச் சொல். பயிற்சியை அதற்குத் தகுந்த மாதிரி வகுத்துத் தருவார். அவன் கேட்ட இடத்துக்கு என்றால்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பான்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா