புதிய உருளை ரகம்: விவசாயி தயங்குவது ஏன்?

உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961ல் கண்டறியப்பட்டது. இப்புழுவைத் தாங்கி வளரும் குப்ரி சுவர்ணா ரகம் 1985ல் வெளியிடப்பட்டது. அதன் பிறகும் 1968ல் வந்த குப்ரி ஜோதியைப் பலர் விடவில்லை. இதைப் பிடிவாதம் என்று எங்களில் சிலர் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை.

விவசாயிகள் என்னிடம் முதலில் கேட்பது புழுவைப் பற்றி அல்ல. மேட்டுப்பாளையம் மண்டியில் ஜோதியின் விலை இதற்குக் கிடைக்குமா, அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு எங்கே வாங்குவது என்பதுதான். விதையே பெருஞ்செலவாகும் பயிரில் இது நியாயமான கணக்கு.

ஆகவே எதிர்ப்பு ரகத்தைக் கார்போகத்தில் ஐந்து சென்ட் மட்டும் நட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய ரகம் இருக்கட்டும். உரமும் மருந்தும் இரண்டுக்கும் ஒன்றே. பூக்கும் தருணத்தில் சில செடிகளை மெல்லப் பெயர்த்து வேரைக் கவனியுங்கள். குண்டூசித் தலையிலும் சிறிய வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அவை நூற்புழுவே. எதில் அதிகம் என்று நீங்களே எண்ணலாம். அறுவடையில் தனித்தனி மூட்டை பிடித்துத் தனித்தனியே விலை கேளுங்கள். சமைத்தும் பாருங்கள்; வீட்டில் வேண்டாம் என்ற ரகம் நிலைத்து நான் கண்டதில்லை.

எதிர்ப்பு ரகம்தானே என்று அதையே போகத்துக்குப் போகம் நடவேண்டாம். இடையில் முட்டைக்கோஸ், கேரட், பூண்டு வரட்டும். முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அத்தோட்டத்துக் கிழங்கை விதைக்கென்று வெளியே கொடுக்கவும் கூடாது.