உப்பும் அயோடினும்

கடைத் திண்ணைகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்றுண்டு. "உப்பு கடல் நீரில் விளைவது. அதில் இல்லாத அயோடினையா சர்க்கார் புதிதாகச் சேர்க்கிறது? நம் பாட்டன்மார் கல்லுப்பை உண்டு நன்றாகத்தானே வாழ்ந்தார்கள்?" என்று ஒருவர் கேட்பார். கேட்கத் தக்க கேள்விதான்.

கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் மிகச் சொற்பம். மீனும் கடற்பாசியும் அதைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. பாத்தியில் விளையும் உப்பு அவ்வாறு சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே, உப்பளத்தின் அருகில் வாழ்வதால் மட்டும் ஒருவருக்கு அயோடின் கிடைத்துவிடாது.

நம் கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பிக்கு இச்சத்து இன்றியமையாதது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். கருவுற்ற தாய்க்கு 250. ஒரு கிராம் அயோடின் ஆறாயிரம் பேருக்கு மேல் ஒரு நாளைக்குப் போதும் எனில், அதன் நுண்மையை உணரலாம். இது கிட்டாவிடில் முன்கழுத்துக் கழலை தோன்றுகிறது. கழலையாவது கண்ணுக்குத் தெரியும். தாய்க்குக் கடுமையான குறைவு நேர்ந்தால், கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவதை யார் காண்பார்? பின்னர் அதைச் சீர்செய்யவும் இயலாது. பாட்டன்மார் நன்றாக வாழ்ந்தனர் என்போர் இக்குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இமயமலை அடிவாரங்களில் மழையும் பனியாறுகளும் மண்ணின் அயோடினைக் கழுவிச் சென்றுவிட்டன. அங்கே, இன்று இமாசலப் பிரதேசத்திலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் உழைத்தவர்களும் 1956-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக வகுத்து, இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றிற்குச் சாதாரண உப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முன்னிரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

இதுவரை விஞ்ஞானம். சட்டத்தின் கதை இவ்வளவு நேரானதன்று. அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்பதற்கு 1998-இல் நாடெங்கும் தடை வந்தது, 2000-இல் நீங்கியது, 2006-இல் மீண்டும் வந்தது. சிறு உப்பளக்காரர்கள் பிழைப்புப் போகுமென்று அஞ்சினர். உண்பவர் விருப்பத்தில் அரசாங்கம் தலையிடலாமா என்று வேறு சிலர் வினவினர். 2011-இல் உச்ச நீதிமன்றம், கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இத்தகைய விதி செய்ய அதிகாரமில்லை எனத் தீர்த்தது. எனினும் பொது நலன் கருதி ஆறு மாத காலம் விதி தொடர இடமளித்தது. அவ்வாண்டிலேயே உணவுப் பாதுகாப்பு விதிகளின் வாயிலாகத் தடை தொடர்ந்தது. தொழிலுக்கும் கால்நடைக்கும் சாதாரண உப்பு விற்கலாம்.

விதி இருப்பதாலேயே வீட்டில் அயோடின் வந்துவிடுமா? வாங்குவோர் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஈரமும் வெயிலும் வழியிலேயே அதைக் கவர்ந்துவிடக்கூடும். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் தமிழ்நாடு, 2018-19-இல் நடந்த தேசிய ஆய்வில், போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் அளவில் மிகப் பின்தங்கி நின்றது. விதி செய்த அரசாங்கம் உப்பளத்தின் வாயிலோடு நின்றுவிடலாகாது என்பதே நம் கருத்து.

இல்லத்தரசியர் உப்பை மூடியுள்ள பாத்திரத்தில், அடுப்புக்கு எட்டி வைத்தல் வேண்டும். சமையலின் இறுதியில் இடுவது சிறந்தது. அயோடின் உப்பென்பதற்காக அதிகம் உண்ணலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்குதல் நலம். தைராய்டு நோய்க்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டு நடக்கட்டும்.

உப்பைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றுண்டு. ஒரு சிட்டிகை உப்பின்மீது அதிலுள்ள கரைசலைச் சொட்டினால், அயோடின் இருப்பின் நீலமாகும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இதைக் கேட்டுப் பார்க்கலாம். நிறம் மாறாவிடில், அவ்வுப்பின் உறையையும் வாங்கிய கடையின் பெயரையும் குறித்து உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுக.