ஆற்று நீரில் ஆக்சிஜன்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் வித்துரா. மலைக்குச் செல்வோர், "அங்கே ஆக்சிஜன் அதிகம்" என்று கூறக் கேட்கிறோம். இக்கூற்று சரியன்று. உலர்ந்த காற்றின் கன அளவில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம் ஆகும். நகரத் தெருவிலும் காட்டினுள்ளும் இவ்விகிதம் ஒன்றே. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் காற்றழுத்தம் குறைவு. எனவே ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் ஆக்சிஜன், கடற்கரையில் பெறுவதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவேயாகும். அங்கு உணரப்படும் புத்துணர்ச்சிக்குக் குளிர்ச்சியும் தூசி, புகை இன்மையுமே காரணம்.

காடுகளை உலகின் நுரையீரல் என்பதும் இத்தகையதே. முதிர்ந்த காடு ஒளிச்சேர்க்கையால் வெளிவிடும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை, அக்காட்டின் உயிர்கள் சுவாசிப்பதும் இலைச்சருகுகள் மட்குவதும் செலவழித்துவிடுகின்றன. இன்றைய வளிமண்டல ஆக்சிஜன், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சேரத் தொடங்கிய பெரும் இருப்பு. அது நம் காலத்தில் தீர்ந்துவிடாது.

தட்டுப்பாடு இருப்பது நீரில்தான். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 275 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் கரையக்கூடியது சுமார் 8.3 மில்லிகிராம் மட்டுமே. 20 டிகிரியில் இது 9.1; 30 டிகிரியில் 7.5. அதாவது, வெப்பம் மிகும்போது இருப்பு குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. ஆற்றுக்குக் காடு செய்யும் உதவி இங்கேதான் விளங்கும். நிழலால் அது ஓடையைக் குளிர்ச்சியாக வைக்கிறது. மண் அரிப்பைத் தடுக்கிறது. பாறைகளில் மோதி நுரைக்கும் நீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை விரைவாக ஏற்கிறது.

அகத்தியமலைத் தொடரில் தோன்றும் கரமனை ஆறு, வித்துராவை அடுத்த பேப்பாறை அணையையும், தலைநகருக்குக் குடிநீர் வழங்கும் அருவிக்கரை அணையையும் கடந்து நகரை அடைகிறது. அங்குக் கிள்ளியாறும் நகரக் கழிவும் அதனுடன் கலக்கின்றன. கழிவிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கரைந்த ஆக்சிஜனையே உண்டு வாழ்கின்றன. லிட்டருக்கு 240 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவையுடைய வீட்டுக் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு லிட்டர், 8 மில்லிகிராம் வீதம் ஆக்சிஜன் கொண்ட 30 லிட்டர் நல்ல நீரின் முழு இருப்பையும் தீர்த்துவிட வல்லது! இருப்பு தீர்ந்தபின் ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. காற்றின் ஆக்சிஜன் மீண்டும் கரைந்து ஆறு தேறுவதற்குச் சில கிலோமீட்டர் தூரமாவது வேண்டும். கடலை நெருங்கிவிட்ட நதிக்கு அத்தூரம் எஞ்சியிருப்பதில்லை.

நீராடுவதற்கு ஏற்ற ஆற்றில் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்கவேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நியமம். இதனை அளக்க வின்க்ளர் 1888-இல் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. காற்றுக்குமிழி புகாமல் நிரப்பிய குப்பியில் மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தால், ஆக்சிஜன் இருப்பின் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும். இல்லையேல் அது வெண்மையாகவே இருக்கும். பின்னர் அமிலம் சேர்க்க, ஆக்சிஜனுக்கு ஈடான அயோடின் விடுபடுகிறது. அதனைத் தயோசல்பேட் கொண்டு தரம்பார்த்து அளவை அறியலாம். வீழ்படிவு உண்டாக்கும் பணியை ஆற்றங்கரையிலேயே முடித்துவிட வேண்டும். குப்பியை அப்படியே ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றால் வழியிலேயே அளவு மாறிவிடும்.

அலுவலர்கள் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. கழிவு கலந்து பாசி மண்டிய நீரில், பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் மிகுந்து காணப்படும். இரவில் பாசியும் சுவாசிப்பதால் வைகறையில் அது மிகத் தாழ்ந்துவிடும். மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் விடியற்காலையில்தான். நண்பகலில் மட்டும் மாதிரி எடுத்தால், நோயுற்ற ஆறும் ஏட்டில் நலமுடையதாகவே தோன்றும். ஆதலால் மாதிரி எடுத்த நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் அளவோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும்; கோடையில் ஒருமுறையேனும் சூரியன் உதிக்கும் முன் மாதிரி எடுத்தல் வேண்டும்.