கத்திரி வெயிலில் சிறுநீரகம்: திருச்சி, திருவரங்கம் வட்டாரத்துக்கான கோடை ஆலோசனை

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் இந்நாட்களில் திருச்சிராப்பள்ளியின் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கத் தொடங்கிவிடுகிறது. மே முதல் வாரம் தொடங்கி அம்மாத இறுதி வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் அது அந்த அளவைக் கடந்து நிற்பதும் உண்டு. காவிரியில் நீரைவிட மணல் மிகுதியாகத் தெரியும் இதே பருவத்தில்தான் சமயபுரத்தில் சித்திரைத் தேரும் திருவரங்கத்தில் விருப்பன் திருநாளும் நடைபெறுகின்றன; சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து நடந்தே வரும் மக்கள் நாள் முழுதும் வெயிலில் நிற்கின்றனர். நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு, சிறுநீர்த் தொற்று ஆகியவை ஆண்டுதோறும் இந்நாட்களில் கூடுவது எதிர்பார்த்ததே. ஆனால் வெயிலில் வற்றிய உடம்போடு வலி மாத்திரையை விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்து வருவோரின் துன்பம் முற்றிலும் தவிர்க்கக்கூடியது. சென்ற கோடையும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. இவ்வறிக்கை முதன்மையாக அந்த ஒரு தவற்றைத் தடுக்கவே எழுதப்படுகிறது.

முதுகெலும்பின் இருபுறமும் கீழ்விலா எலும்புகளை ஒட்டி அமைந்துள்ள இரு சிறுநீரகங்களும், இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமாகப் பெறுகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உள்ளன. உட்செல் நுண்தமனி வழியாக நுழையும் குருதி, கிளாமருலஸ் என்னும் மெல்லிய நாளச் சுருளில் அழுத்தத்தால் வடிகட்டப்பட்டு, வெளிச்செல் நுண்தமனி வழியாக வெளியேறுகிறது. வடிந்த நீர் நெஃப்ரானின் நீண்ட குழலுக்குள் செல்கிறது. இவ்வாறு நாளொன்றுக்கு வடியும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை, உடலுக்குத் தேவையான சர்க்கரை, உப்புகளோடு சேர்த்து, குழல்கள் மீண்டும் உறிஞ்சிக் குருதிக்கே திருப்பிவிடுகின்றன. எஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவே யூரியா முதலிய கழிவுகளைச் சுமந்துகொண்டு சிறுநீர் நாளங்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது.

வெயிலில் வியர்த்து உடல்நீர் குறையும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரஸ்ஸின் என்னும் ஹார்மோனை மிகுதியாக வெளியிட, சிறுநீரகம் மேலும் நீரை உறிஞ்சிச் சிறுநீரை அடர்த்தியாக்குகிறது. மஞ்சள் கருத்து, எரிச்சலோடு சொட்டுச் சொட்டாக இறங்குவதை மக்கள் நீர்ச்சுருக்கு என்கின்றனர். இந்தச் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அன்றாடக் கழிவு வெளியேற நாளொன்றுக்குக் குறைந்தது அரை லிட்டர் சிறுநீராவது கழிய வேண்டும். அடர்ந்த சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகி, படிகம் வளர்ந்து கல்லாகிறது.

இனி, இவ்வறிக்கையின் மையப் பொருள். உடல்நீர் குறைந்து குருதியழுத்தம் தாழும்போது, வடிகட்டும் அழுத்தம் விழுந்துவிடாமல் காக்க, சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து உட்செல் நுண்தமனியை விரித்துவைக்கிறது. இக்கட்டான அந்நேரத்தில் குருதி வரத்தைக் காப்பவற்றுள் இதுவே முதன்மையானது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பது இந்தப் புரோஸ்டாகிளாண்டினின் உற்பத்தியை நிறுத்தித்தான். நன்கு நீர் அருந்திய நலமான உடலில், மருத்துவர் சொன்ன அளவில், சில நாட்களுக்கு எடுத்தால் பெரும்பாலும் தீங்கில்லை. வற்றிய உடலிலோ, நுண்தமனி சுருங்கி, வடிகட்டல் நின்று, இயல்பிலேயே ஆக்சிஜன் குறைவாகக் கிடைக்கும் உட்புறக் குழல்களின் செல்கள் மடியத் தொடங்குகின்றன. வியர்த்துக் களைத்த உடலிலும், வாந்தி பேதியால் வற்றிய உடலிலும், விரதத்தால் உலர்ந்த உடலிலும் வலி மாத்திரை கூடாது.

இது புதிய செய்தியன்று. ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது, ஆண்டுதோறும் மறக்கப்படுகிறது. பாதயாத்திரை முடித்துக் கால் கடுத்தவரும், களத்தில் இடுப்பு பிடித்தவரும் நேரே மருந்துக்கடைக்குச் சென்று, ‘உடம்புவலிக்கு ஒரு செட்’ என்று கேட்டு, அட்டையிலிருந்து வெட்டிச் சிறு காகித உறையில் போட்டுத் தரப்படும் மூன்று நான்கு நிற மாத்திரைகளைப் பெயர்கூடத் தெரியாமல் ஒரு மிடறு தேநீரோடு விழுங்குகின்றனர். அந்த உறைக்குள் வலி மாத்திரை இருப்பது ஏறக்குறைய உறுதி. சில வேளை இரண்டு இருக்கும். மாத்திரைக்கு மசியாத வலிக்கு மாலையில் அதே மருந்தை ஊசியாகவும் கேட்டு வாங்கிக்கொள்வோரிடம் என்ன சொல்வது? டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மடிந்ததும், அதனால் 2006ஆம் ஆண்டு இந்தியாவில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டதும் நாடறிந்தவை. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைவிடத் தாங்குதிறன் மிக்கதுதான்; ஆயினும் கத்திரி வெயிலில் அதைச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

வலிக்கு வேறு வழி உண்டு. முதலில் நிழலில் அமர்ந்து நீரும் உப்பும் சேர்ந்த பானத்தை அருந்தி, சிறுநீர் தெளிவாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். வெயிலில் வரும் தசைப்பிடிப்பும் தலைவலியும் பல வேளைகளில் இதிலேயே தணிந்துவிடும். தணியாவிட்டால், ஈரல் நோயோ குடிப்பழக்கமோ இல்லாத பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்ததற்கு ஆறு மணி நேரமாவது இடைவெளி விடலாம். வெயிலில் நின்றவர் உடல் கொதித்து, பிதற்றினாலோ நினைவிழந்தாலோ அது வெப்பவாதம். அதற்குப் பாராசிட்டமாலும் பயன்படாது. உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது.

ஏனைய நடவடிக்கைகள் எல்லோரும் அறிந்தவையே. தாகத்துக்குக் காத்திராமல் நீர் அருந்துக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவே போதிய அளவு. உப்பிட்ட நீர்மோர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்ப்பூசணி நல்லவை. குளிர்பானங்கள் நீருக்கு ஈடாகா. முன்பு கல் வந்தவர்கள் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழியும்படி அருந்துக. உணவில் உப்பைக் குறைக்க, பாலைக் குறைக்க வேண்டா. வாந்தி பேதி கண்டால் மருந்துக்கடை உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவு நீரில் கரைத்துக் குடிக்க. வீட்டில் செய்வதானால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டிச் சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு, தலைதட்டிய அளவில். ஏகாதசிக்கு நீரும் அருந்தாது நோன்பிருக்கும் முதியோர் இந்த இரு மாதமாவது நீரை விலக்காதிருக்க. சமயபுரத்தாள் பக்தர்களுக்காக ஏற்கும் 28 நாள் பச்சைப்பட்டினி விரதத்திலேயே இளநீரும் பானகமும் நீர்மோரும் படைக்கப்படும்போது, நடந்து வரும் பக்தர் தொண்டையை வறட்சியில் வைத்திருக்க வேண்டிய தேவை என்ன?

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களின் சிறுநீர்ப்புறவழி சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே உடையதாதலால் நுண்கிருமிகள் சிறுநீர்ப்பையை எளிதில் எட்டுகின்றன. அடிக்கடி சிறுநீர் கழிப்பதே அவற்றை அடித்துச் செல்லும் இயற்கை வழி. தெப்பக்குளம், என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடைகளில் நாள் முழுதும் பணிபுரியும் பெண்களும், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்வோரும், கழிப்பறை இல்லாத காரணத்தால் காலையிலிருந்தே நீர் அருந்தாமல் இருந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்விடத்தில் பெண்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. கழிப்பறை அமைக்க வேண்டியவர்களே கடிந்துகொள்ளப்பட வேண்டியவர்கள். கடுப்போடு காய்ச்சலும் குளிரும் விலாப்புற வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்பதே பொருள். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

திறந்த வெளியிலும் உலைக்கருகிலும் உழைப்போருக்கு இழப்பு இன்னும் மெல்ல நிகழ்கிறது. நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையே, சர்க்கரை நோயோ இரத்தக்கொதிப்போ இல்லாமலே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. வெப்பத்தில் மீண்டும் மீண்டும் உடல் வற்றுவது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரை ஆராய்ந்தவர்களும் வெப்பத்துக்கும் சிறுநீரகத் தேய்வுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியுள்ளனர். திருவெறும்பூர் வட்டாரப் பற்றவைப்புப் பட்டறைகளும் கொள்ளிடக்கரை வாழைத் தோட்டங்களும் நண்பகல் 12 முதல் 3 மணி வரை கடும் வேலையை நிறுத்திவைப்பது நலம். அவ்வேலையாட்களின் சட்டைப்பையிலும் அதே காகித உறை இருக்கிறது. வற்றிய உடலில் வலி மாத்திரை கூடாது என்பதை மேற்பார்வையாளர்கள் வேலை தொடங்கும் முன் நாள்தோறும் சொல்ல வேண்டும்.

இரத்தக்கொதிப்புக்கு எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்றவற்றையோ நீர் பிரிக்கும் மாத்திரையையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிக்கிறது. முன்னவை வெளிச்செல் நுண்தமனியைத் தளர்த்துகின்றன, பின்னது உடல்நீரைக் குறைக்கிறது, வலி மாத்திரை உட்செல் வழியைச் சுருக்குகிறது. வாந்தி பேதி கண்ட அன்றே இவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என மருத்துவரைக் கேட்க வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மேற்சொன்ன ‘நிறைய அருந்துக’ என்பது பொருந்தாது. அவர்கள் மருத்துவர் வரையறுத்த அளவே அருந்த வேண்டும். இளநீரிலுள்ள பொட்டாசியம் கழியாமல் தேங்கினால் இதயத்துடிப்பையே நிறுத்திவிடக் கூடுமாதலால் அதை அறவே விலக்க வேண்டும்.

நீர் அருந்தியும் எட்டு மணி நேரம் சிறுநீர் இறங்காமை, கோலா நிறச் சிறுநீர், முகமும் காலும் வீங்குதல், மூச்சிரைப்பு, ஓயாத விக்கல், அரைமயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியும் வரை காத்திராமல் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். உரிய நேரத்தில் வந்தால் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்க. காகித உறை மட்டுமே இருந்தால் அதையும், எந்தக் கடையில் வாங்கியது என்னும் விவரத்தையும் மருத்துவரிடம் முதலிலேயே கொடுக்க வேண்டும்.