கழுத்துக் கட்டிக்குத் தங்கச் சங்கிலி போதுமா?

பிள்ளையின் கழுத்து வீங்கிவிட்டால் "பொன்னுக்கு வீங்கி" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அடகுக்கடையில் இல்லாத சங்கிலி ஏதாவது மிச்சமிருந்தால் அது உடனே பிள்ளையின் கழுத்தில் ஏறும். பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் நோய். காதுக்குக் கீழே, தாடையோரம் வீங்கி, சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக வற்றிவிடும். சங்கிலிக்கு நல்ல பேர் கிடைத்தது அப்படித்தான்.

நடுக்கழுத்தில் உருண்டையாக நிற்பது வேறு. நாக்கை நீட்டச் சொல்லும்போது கட்டியும் மேலே ஏறினால், அது பெரும்பாலும் பிறவி நீர்க்கட்டி. கருவில் தைரொய்ட் சுரப்பி நாக்கின் அடியில் உருவாகிக் கழுத்துக்கு இறங்கி வருகிறது. வந்த வழியில் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். பிறகு அது மறைந்துவிட வேண்டும். மறையாமல் மிஞ்சிய இடத்தில் நீர் சேர்ந்தால் கட்டி. தடிமனோ தொண்டைநோவோ வந்தபின் கிருமி பற்றி அது திடீரென்று பெருக்கும். சிலருக்கு நடுவயதுவரை வெளியே தெரிவதேயில்லை.

"கூடப் பிறந்த கட்டி, அதில் புற்று வராது" என்பது அடுத்த நம்பிக்கை. வரும், மிக அரிதாக: 100 கட்டிகளில் சுமார் ஒன்றில், அதுவும் பெரும்பாலும் பெரியவர்களுக்கு. 1911இலேயே மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம் இது. பெரும்பாலானவை குழாயோடு தங்கிவிட்ட தைரொய்ட் திசுவில் முளைக்கும் பப்பிலரி வகை. மெதுவாக வளரும், நன்றாகக் குணமாகும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயம்தான் பலரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திருப்பிவிடுகிறது. உண்மையில் கெடுதல் செய்வது அரைகுறை வெட்டு. கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் வேர் உள்ளே தங்கி மறுபடி வரும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிஸ்ட்ரங்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1920இல் விவரித்த முறைதான் இன்றும் நிற்கிறது: கட்டியோடு நாவடி எலும்பின் நடுத்துண்டையும், நாக்கடி வரை போகும் குழாயையும் சேர்த்து எடுப்பது. அதற்கு முன் ஸ்கேன் செய்து, தைரொய்ட் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு உடம்பிலுள்ள ஒரே தைரொய்ட் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கும்.

மலையகத்தில் இதைவிடக் கவலைப்பட வேண்டியது பக்கக் கழுத்துக் கட்டி. அங்கேயும் பிறவி நீர்க்கட்டி வரும். பெரும்பாலும் இளவயதில் தெரியும். நாற்பது தாண்டியவருக்குப் புதிதாக வந்தால் அதைப் பிறவிக் கட்டி என்று எண்ணி விட்டுவைக்கக் கூடாது. வாய், தொண்டை, தைரொய்ட் புற்று நிணநீர்க் கணுவுக்குப் பரவி, உள்ளே நீராகி, அசல் நீர்க்கட்டி போலவே தோன்றும். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். மலைக் குளிருக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை அடக்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் நிறைந்த தேயிலைத் தோட்டத்தில், வாயைத் திறந்து பார்க்காமல் கழுத்தை மட்டும் தடவிப் பார்ப்பது அரைச் சோதனை.

டிக்கோயா, நுவரெலியா அரசு வைத்தியசாலைகளில் காசு வாங்குவதில்லை. போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போகும், அவ்வளவுதான். ஆனால் கட்டியை எடுத்து, தையல் பிரித்ததோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. நடுக்கழுத்துக் கட்டியில் வரும் அந்த அரிய புற்று பெரும்பாலும் பிடிபடுவது, எடுத்த கட்டியை ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான். அந்த அறிக்கை வர நாளாகும். அதை வாங்க இன்னொரு பேர் போனாலும் கிளினிக் கொப்பியோடு போகத்தான் வேண்டும்.