பல ஸ்டெப்பர் மோட்டார்களை ஒற்றைப் பலகைக் கணினியால் ஒருங்கிணைத்தல்: காலக்கணக்கின் பங்கு

ஆய்வுச் சுருக்கம்

பல ஸ்டெப்பர் மோட்டார்களைச் சிறு கணினி ஒன்றால் ஒருங்கே இயக்கும்போது எழும் காலப்பிழையையும் அதனைக் களையும் முறையையும், முப்பரிமாண அச்சு இயந்திரத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்டெப்பர் மோட்டார், நுண்கட்டுப்படுத்தி, மின்துடிப்பு, கடிகார ஒத்திசைவு.

முன்னுரை

ஸ்டெப்பர் மோட்டார், தான் பெறும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி நகர்கிறது. பெருவழக்கிலுள்ள மோட்டாரின் ஒரு படி 1.8 பாகை; எனவே முழுச்சுற்றுக்கு 200 படிகள். இருப்பிடத்தைத் திருப்பி உரைக்கும் உணரி இதில் பொதுவாக இல்லை. ஆகையால் ஒரு படி தவறினால் அப்பிழை பணி முடியும்வரை தொடரும். இரு மோட்டார்கள் சேர்ந்து ஒரு சாய்கோட்டை வரைய, துடிப்புகளின் எண்ணிக்கை மட்டுமன்றி அவை எழும் கணமும் சரியாக அமைதல் வேண்டும்.

நேரடி இயக்கத்தின் குறை

ஒரு படியை 16 நுண்படிகளாகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள் தேவை. 2 மி.மீ. பல்லிடைவெளி கொண்ட பட்டையை 20 பற்களுடைய கப்பி ஒரு சுற்றில் 40 மி.மீ. நகர்த்தும், அதாவது மில்லிமீட்டருக்கு 80 துடிப்புகள். நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் 8,000 துடிப்புகள் வேண்டும்; இரு துடிப்புகளுக்கு இடையே 125 மைக்ரோநொடியே உண்டு. ராஸ்பெரி பை போன்ற கணினியில் இயங்கும் லினக்ஸ், பல பணிகளுக்கு மாறிமாறி நேரம் ஒதுக்குகிறது. வேறொரு பணி குறுக்கிடின் துடிப்பு இதனினும் நெடுநேரம் தாமதிக்கலாம். கணக்கிடும் ஆற்றலில் மிக்க கணினி, கணந்தவறாமையில் குறைபடுகிறது.

பணிப்பகிர்வு

கிளிப்பர் என்னும் திறமூல மென்பொருள் இக்குறையைப் பணிப்பகிர்வால் நீக்குகிறது. கணினி பாதையையும் முடுக்கத்தையும் கணக்கிட்டு, ஒவ்வொரு படியும் நிகழவேண்டிய கணத்தை முன்கூட்டியே அனுப்புகிறது. நுண்கட்டுப்படுத்தி அவற்றை வரிசையில் வைத்து, தன் கடிகாரம் அக்கணத்தை எட்டும்போது துடிப்பை வெளியிடுகிறது. வரிசை வெறுமையாகாதவரை, செய்தி சற்றுப் பிந்தினும் இயக்கம் பிழைபடுவதில்லை.

கடிகார ஒத்திசைவு

நுண்கட்டுப்படுத்திகள் இரண்டாகும்போது புதிய சிக்கல் எழுகிறது. ஒரே அலைவெண் குறிக்கப்பட்ட இரு படிகங்களும் முற்றிலும் ஒத்து அதிர்வதில்லை. அவற்றின் வேறுபாடு பத்து இலட்சத்தில் 50 பங்கு எனக் கொள்வோம். தொடக்கத்தில் மட்டும் ஒத்திசைத்தால், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகல் சேரும். மேற்கண்ட வேகத்தில் இது 18 மி.மீ. பின்னடைவு. நொடிக்கொருமுறை கணினி இரு கடிகாரங்களையும் வினவித் திருத்தின், விலகல் 50 மைக்ரோநொடி அளவில், அதாவது 0.005 மி.மீ. அளவில் நிற்கும். இது 0.0125 மி.மீ. ஆகிய ஒரு நுண்படியின் பாதியினும் குறைவு.

ஒரு பலகையின் தொடர்பு அறுந்தால் ஏனையவும் உடன் நிற்றல் வேண்டும். ஒன்று நிற்க மற்றொன்று ஓடுவது இயந்திரத்துக்கே கேடு விளைவிக்கும்.

முடிவுரை

கணினி துடிப்பை நேரே அனுப்பாது, அது நிகழவேண்டிய கணத்தை அனுப்புவதே தக்க முறை என்பது புலனாகிறது. பலகைகள் பலவாயினும் அவற்றுக்குரிய காலம் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒருங்கிணைப்பு என்பது அடிப்படையில் கடிகாரங்களின் ஒத்திசைவே எனலாம்.